வெள்ளானைப் பரிசில்

கொடுத்தவர் கொடுத்ததை மறந்துவிட வேண்டும், பெற்றவர் மறவாதிருக்க வேண்டும் என்று நம் வீட்டுப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அறநெறி அதுவே. ஆனால் நடைமுறையில் கொடுத்தவரும் மறப்பதில்லை. பெற்றவருக்கோ மறக்க முடிவதில்லை. அந்த நினைவே சிற்சில வேளைகளில் நல்ல நட்புக்கு நடுவே சுவராக எழுந்துவிடுகிறது. அச்சுவரை ஒரு மாலைப் பொழுதளவேனும் இல்லாமற் செய்வதற்கு மனிதர் கண்டுபிடித்த விளையாட்டு ஒன்றுண்டு. அதன் வரலாற்றைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

டிசம்பர்த் திங்கள் பிறந்துவிட்டால், நம் குடியிருப்பில் சில இல்லங்களில் நண்பர்கள் கூடி, காகிதத்திற் பொதிந்த பொருள்களை நடுவே குவித்து, சீட்டெடுத்து மாற்றிக்கொள்ளும் வேடிக்கை விருந்து ஒன்று நடைபெற்று வருகிறது. அலுவலகத்திலும் கல்லூரியிலும் இதனைக் கற்று வந்த இளைஞர்கள் இதற்கு 'வெள்ளை யானை' என்று பெயர் சொல்லுகிறார்கள். 'ஈதென்ன மேனாட்டுக் கூத்து!' என்று முகஞ்சுளிக்கும் முதியோரும் நம்மிடையே உளர். யானும் நெடுநாள் அவர்கள் பக்கமே இருந்தவன். என் எண்ணத்தை மாற்றியது ஓர் எவர்சில்வர் அடுக்கு. முதலில் அதன் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஓர் அடுக்கின் கதை

பல ஆண்டுகளுக்கு முன், தலைநகரின் அரசுக் குடியிருப்பு ஒன்றில் நாங்கள் வாழ்ந்து வந்தோம். அத்தகைய குடியிருப்புகளின் இயல்பை இம்மலரைப் படிக்கும் அன்பர்கள் நன்கறிவர். வீட்டின் அறைகளை எண்ணினாலே உள்ளிருப்பவரின் பதவியும் சம்பளமும் விளங்கிவிடும். எங்கள் வீட்டுக்கு எதிர்ச்சாரியில், எங்கள் வீட்டினும் ஓர் அறை குறைந்த வீட்டில், தஞ்சைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த இளங்குடும்பம் ஒன்று குடியேறியது. அவ்வீட்டு அம்மையார் என் மனைவியை 'அக்கா' என்றே அழைப்பார். உறைமோரும் கறிவேப்பிலையும் இரு வீட்டுக்கும் பொதுவாக இருந்தன.

அவர்களுடைய பெண் குழந்தைக்கு ஓராண்டு நிறைந்தபோது நாங்கள் ஒரு இணை வெள்ளிக் கொலுசு வாங்கிக் கொடுத்தோம். கொடுக்கும்போது எங்கள் உள்ளத்தில் அன்பு இருந்தது. அதனோடு சிறிது பெருமையும் கலந்திருந்தது என்பதை இன்று ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. அன்றைக்குப் பிறகு உறைமோர் கேட்டு வருவது மெல்ல மெல்ல நின்றது. நவராத்திரிக்கு அழைத்தால் ஏதேனும் ஒரு காரணம் வந்தது. எங்கள் மகன் பிறந்தநாளன்று உடல்நலமில்லை என்று சொல்லியனுப்பினார்கள். நாங்கள் ஏதோ மனத்தாங்கல் என்று எண்ணி, எங்களால் நேர்ந்த பிழை யாதென்று அறியாமல் திகைத்தோம்.

இரண்டாண்டு சென்றபின் அவர்களுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. புறப்படுவதற்கு முதல்நாள் மாலை அந்த அம்மையார், செய்தித்தாளிற் சுற்றிய பெரியதொரு எவர்சில்வர் அடுக்கைச் சுமந்துகொண்டு வந்தார். "எங்கள் பக்கம் ஒன்று பாக்கி இருந்தது, அக்கா. இன்றைக்குத்தான் தீர்க்க முடிந்தது" என்றார். என் மனைவி எவ்வளவோ மறுத்தும் வைத்துவிட்டுச் சென்றார். அடுக்கின் விலை கொலுசின் விலைக்கு ஒரு ரூபாயும் குறைந்திராது. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துப் பிடித்து அதனை வாங்கினார் என்பது பின்னர்ப் பிறர் வாயிலாகத் தெரிந்தது. நாங்கள் அன்பென்று எண்ணி அனுப்பியது, அவ்வீட்டில் இரண்டாண்டுக் காலம் கடனாகக் குடியிருந்திருக்கிறது! அந்த அடுக்கில் சமைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. அது பரணிற் கிடந்தது.

அளந்து கொடுத்தலும் அளவாது கொடுத்தலும்

இந்நிகழ்ச்சி எனக்கு ஒரு பழந்தமிழ்ச் சொல்லை நினைவூட்டியது. பக்கத்து வீட்டில் ஒரு படி அரிசி அளந்து வாங்கி, அதே படியால் அளந்து திருப்பித் தருவதற்கு நம் முன்னோர் 'குறியெதிர்ப்பை' என்று பெயரிட்டனர். திருவள்ளுவர் ஈகை என்னும் அதிகாரத்தின் முதற் குறளிலேயே இச்சொல்லை எடுத்தாண்டு, இல்லாதவனுக்குக் கொடுப்பது ஒன்றே கொடை, மற்றவையெல்லாம் திரும்பி வரும் என்ற கணக்கோடு கொடுப்பவை என்று இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறார்.

புறநானூற்றிலும் இச்சொல் வருகிறது. முதிரமலைத் தலைவன் குமணனிடம் பரிசில் பெற்று வீடு திரும்பினார் பெருஞ்சித்திரனார். வறுமையில் வாடிய அப்புலவர் தம் மனைவிக்குச் சொன்னது என்ன? உன்னை விரும்பியவர், நீ விரும்பியவர், சுற்றத்தார், முன்னர்க் கடன் தந்தவர் ஆகிய எல்லார்க்கும் கொடு, என்னையும் கேளாதே, சேர்த்து வைத்து நன்கு வாழ்வோம் என்றும் எண்ணாதே என்பதே அவர் கூறிய அறிவுரை. இதனைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு நெகிழ்கிறது. ஆனால் பெருஞ்சித்திரனாரைப் போல் வாழ்வது எல்லார்க்கும் இயல்வதன்று. நம்முடைய திருமணப் பந்தலில் மொய் எழுதும் குறிப்பேடு இல்லாமல் முடிகிறதா? யார், எந்த ஊர், எவ்வளவு என்று வரிசையாக எழுதப்பெறும் அந்த ஏடு, வாழ்த்துப் பட்டியல் மட்டுமன்று. வரவு செலவுக் கணக்குங்கூட. அதனை இழிவென்று சொல்லிவிட முடியாது. ஒரு வீட்டுப் பெருஞ்செலவைப் பல வீடுகள் தாங்கிப்பிடிக்கும் ஏற்பாடு அது. ஆயினும் ஏடு ஏடுதான்.

இவ்வழக்கம் நமக்கே உரியதும் அன்று. இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில் ஆண்டுதோறும் புத்தாண்டு நாளன்று பிரபுக்கள் முதல் அரண்மனைப் பணியாளர் வரை அனைவரும் அரசிக்குக் காணிக்கை செலுத்துவர். அவரவர் தகுதிக்கேற்ப முலாம் பூசிய வெள்ளிக் கலங்கள் அரசியிடமிருந்து திரும்பி வரும். யார் என்ன கொடுத்தார், அவருக்கு எத்தனை அவுன்சு எடையுள்ள கலம் கொடுக்கப்பெற்றது என்பனவெல்லாம் நீண்ட சுருள்களில் எழுதப்பெற்றன. அச்சுருள்களிற் பல இன்றும் உள்ளன. அரசியாரின் மொய்யேடு என்று நாம் அவற்றைச் சொல்லலாம்!

மார்செல் மாஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1925-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், உலகெங்கும் கொடைக்கு மூன்று கடமைகள் பின்னிக் கிடப்பதை எடுத்துக்காட்டினார். கொடுத்தாக வேண்டும், கொடுத்ததை ஏற்றாக வேண்டும், ஏற்றதைத் திருப்பியாக வேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினாலும் உறவு குலையும். எதிர்வீட்டு அம்மையார் மாஸின் நூலைப் படித்தவரல்லர். ஆயினும் அவருடைய மூன்றாம் கடமையை அவர் இரண்டாண்டுக் காலம் நெஞ்சிற் சுமந்தார்.

உரோமாபுரியின் டிசம்பர் விழா

நிற்க. கொடையின் கணக்கை ஒரு நாளேனும் மறந்து சிரிக்க வேண்டும் என்ற எண்ணம் மிகப் பழைய காலத்திலேயே தோன்றியிருக்கிறது. உரோமர் சனித் தேவனுக்கு எடுத்த 'சாட்டர்னேலியா' என்னும் விழாவே இதற்குச் சிறந்த சான்று. அவ்விழா ஆண்டுதோறும் டிசம்பர் 17-ஆம் நாள் தொடங்கும். முதலில் ஒரே நாளாக இருந்தது, நாளடைவில் ஒரு வாரம் வரை நீண்டது. கி.மு. 217-இல் கார்த்தேஜ் நாட்டு அனிபாலிடம் உரோமர் பெருந்தோல்வியுற்று மனம் தளர்ந்திருந்த ஆண்டில், ஊர்ப் பொதுவிருந்தோடு இவ்விழாவைப் பெருக்கிக் கொண்டாடினர் என்று வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். துன்பக் காலத்திலேதான் கூடியுண்ணும் விருந்தின் தேவை மிகுதி போலும்!

விழா நாள்களில் நீதிமன்றங்களும் பள்ளிகளும் மூடிக் கிடக்கும். பெருமக்கள் தம் பதவிக்குரிய வெண்ணிற மேலாடையைக் களைந்துவிட்டு எளிய உடை பூணுவர். மற்ற நாள்களில் விலக்கப்பட்டிருந்த சூதாட்டத்துக்கும் அந்நாள்களில் இசைவு உண்டு. அடிமைகள் தலைவரோடு சமமாக அமர்ந்து உண்பர். சில வீடுகளில் தலைவரே பரிமாறுவதும் உண்டு. நண்பர்கள் ஒருவர்க்கொருவர் மெழுகுவர்த்திகளையும் மண்ணாற் செய்த சிறு பொம்மைகளையும் கொடுத்துக்கொள்வர். அப்பொம்மைகளை விற்பதற்கென்றே தனிச்சந்தை கூடும்.

அகஸ்டஸ் பேரரசர் கி.மு. 27 முதல் கி.பி. 14 வரை ஆட்சி புரிந்தவர். இவ்விழாவில் அவர் செய்த குறும்புகளை அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதிய சுவெட்டோனியஸ் விரிவாகக் குறித்திருக்கிறார். ஒரு நாள் பொன்னும் வெள்ளியும் ஆடையும் வழங்குவாராம். மற்றொரு நாள் முரட்டு மயிர்த் துணி, கடற்பஞ்சு, அடுப்பு கிளறும் கோல், இடுக்கி ஆகியவற்றை, ஏதோ அரும்பொருள் போல் மயக்கும் பெயர் சூட்டி வழங்குவாராம். விருந்து நடக்கும்போது, மிக ஏற்றத்தாழ்வான பொருள்களுக்குரிய சீட்டுகளையும், பின்பக்கத்தைக் காட்டித் திருப்பி வைத்த ஓவியங்களையும் ஏலம் விடுவாராம். வாங்கியவர்க்கு வாய்த்தது நற்பேறா ஏமாற்றமா என்பது திருப்பிப் பார்த்த பின்னரே தெரியும். வந்த ஆதாயமோ இழப்போ அந்தந்த இருக்கையில் அமர்ந்தோர் அனைவர்க்கும் பொது என்பது விதி. நம் இளைஞர்கள் இன்று விளையாடும் விளையாட்டுக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை வியப்பளிக்கவில்லையா? காகிதப் பொதிவு என்ற ஒன்றுதான் குறை.

மார்ஷியல் என்னும் இலத்தீன் புலவர், இவ்விழாவிற் கொடுக்கும் பொருள்களோடு எழுதி அனுப்புவதற்கென்றே ஈரடிப் பாக்களால் இரண்டு நூல்கள் இயற்றினார். கி.பி. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தவை அவை. அவற்றுள் ஒன்றில், செல்வர் கொடுக்கும் பொருளையும் வறியவர் கொடுக்கும் பொருளையும் மாற்றி மாற்றி வைத்துப் பாடியிருப்பதாக அவரே முதலிற் கூறிவிடுகிறார். பல்குத்தி, காது குடையும் குச்சி, குடை, பன்றி, கிளி என்று அப்பட்டியல் நீள்கிறது. விருந்தினர் கையில் எது கிடைக்கும் என்பது அவரவர் சீட்டின் வலிமை. செல்வன் பல்குத்தியைப் பெறலாம். ஏழை விலையுயர்ந்த கலத்தைப் பெறலாம்.

உணவுப் பொருள்களைப் பற்றிய மற்றொரு நூலில் மிளகுக்கும் ஒரு பாடல் இருக்கிறது. இங்கே நமக்குச் சிறிது பெருமை கொள்ள இடமுண்டு. அந்த மிளகு சேரநாட்டு மலைச்சாரலில் விளைந்து, முசிறித் துறையிற் கப்பலேறிச் சென்றது. யவனர் மரக்கலங்கள் பொன்னைக் கொணர்ந்து மிளகை ஏற்றிச் சென்ற செய்தியை அகநானூறு கூறுகிறது. ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டெர்ஸ் நாணயம் இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று பிளினி அங்கலாய்த்ததும் அந்நூற்றாண்டிலேதான். உரோமாபுரி வீட்டு விருந்தில் ஒரு நண்பன் மற்றொரு நண்பனுக்குக் கொடுத்த சிறு பொட்டலத்தில் நம் மேற்கு மலையின் காரமும் இருந்திருக்கிறது!

பின்வந்த எலகபாலஸ் என்னும் அரசன் கி.பி. 218 முதல் 222 வரை ஆண்டவன். அவன் விருந்தில் கரண்டிகளிலே சீட்டை எழுதி வைத்து, ஒருவனுக்குப் பத்து ஒட்டகமும் மற்றொருவனுக்குப் பத்து ஈயும், ஒருவனுக்குப் பத்து இராத்தல் பொன்னும் மற்றொருவனுக்குப் பத்து இராத்தல் ஈயமும் கிடைக்கச் செய்தான் என்று ஒரு பழைய நூல் சொல்லும். அந்நூல் மிகைப்படுத்தி எழுதுவதிற் பேர்போனது. ஆதலின் முழுவதையும் நம்ப வேண்டியதில்லை. ஆனால் சீட்டுப் பரிசில் அக்காலத்தார்க்குப் பழகிய வேடிக்கை என்பதற்கு அது போதிய சான்று.

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் தகாது. விழா முடிந்த மறுநாள் அடிமை மீண்டும் அடிமையே, தலைவன் தலைவனே. ஒரு வாரச் சிரிப்பு உரோமாபுரியின் கொடுமையை நீக்கிவிடவில்லை. விளையாட்டினால் உலகம் திருந்திவிடும் என்று யான் சொல்ல வரவில்லை. ஆனால் சமமாக அமர்ந்து உண்ணலாம் என்பதை ஆண்டுக்கு ஒருமுறையேனும் கண்ணாற் கண்டவர்க்கு, அவ்வாறு உண்ண முடியாத மற்ற நாள்கள் உறுத்தியிருக்கும் என்றே எண்ணுகிறேன்.

வெள்ளானை வந்த வழி

இனி, இவ்விருந்துக்கு யானையின் பெயர் வந்தவாறு காண்போம். வெள்ளானை என்றதும் நமக்கு இந்திரனின் ஐராவதமும், சுந்தரமூர்த்தி நாயனார் கயிலைக்கு ஏறிச்சென்ற ஊர்தியும் நினைவுக்கு வரும். பௌத்த நாடுகளிலும் அதன் மதிப்பு மிகப் பெரிது. மாயாதேவியார் புத்தரைக் கருவுற்றபோது வெள்ளை யானையைக் கனவிற் கண்டார் என்பது அவர்களுடைய மரபு. ஆதலின் சயாம், பர்மா நாட்டு அரசர்கள் வெள்ளானையைத் தம் ஆட்சிச் சிறப்பின் அடையாளமாகப் போற்றினர்.

அதற்காகப் போரே மூண்டதுண்டு. சயாமின் அயோத்தியா நகரத்து அரசர் மகா சக்கரபத்திடம் பல வெள்ளானைகள் இருந்தன. பர்மிய அரசர் பயினாங் அவற்றுள் இரண்டைத் தமக்கு அனுப்புமாறு கேட்டார். கொடுத்தால் அடிபணிந்ததாகும், மறுத்தால் பகையாகும். மறுத்தார், 1563-இல் போர் வந்தது. மறு ஆண்டில் அயோத்தியா பணிந்தபோது, கேட்ட இரண்டுக்கு மாறாக நான்கு வெள்ளானைகள் பர்மாவுக்குப் போயின. யானை வெறும் காரணங்காட்டல்தான். உள்ளே இருந்தது மேலாண்மை வேட்கை. எனினும் பரிசு கேட்பதும் கொடுப்பதும் எத்துணைப் பெரிய சுமையாக மாறக்கூடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

தமக்குப் பிடிக்காத அமைச்சனுக்குச் சயாம் அரசன் வெள்ளானையைப் பரிசளிப்பான், அதனை வேலைக்கும் பூட்ட முடியாமல், விற்கவும் முடியாமல், தீனி போட்டே அந்த அமைச்சன் அழிவான் என்று மேனாட்டில் ஒரு கதை பரவியது. அதற்கு வரலாற்றுச் சான்று இல்லை. அரசுரிமையின் சின்னத்தை எந்த அரசன்தான் பகைவன் கையிற் கொடுப்பான்? ஆனால் கதை சுவையானதாக இருந்தமையின் ஒட்டிக்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், வைத்துக்கொள்ளவும் முடியாமல் தள்ளவும் முடியாமல் செலவு வைக்கும் எப்பொருளுக்கும் ஆங்கிலத்தில் வெள்ளை யானை என்ற பெயர் நிலைத்தது. யானையைக் கட்டித் தீனி போடுவதுபோல் என்று நாம் வழங்கும் மொழியும் ஏறக்குறைய அதே பொருளுடையதன்றோ?

அதே நூற்றாண்டில் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகளும் இன்பம் பயப்பன. சயாம் அரசர் மோங்குத், அமெரிக்கக் காடுகளில் யானைகள் பெருகட்டும் என்று விரும்பி, 1861-இல் யானைகளை அனுப்ப முன்வந்தார். தலைவர் இலிங்கன் 1862-இல் விடுத்த மறுமொழியில், எங்கள் நாட்டுத் தட்பவெப்பம் யானைக்கு ஏற்றதன்று, எங்களுக்கு நீராவிப் பொறியே போதும் என்னும் கருத்துப்பட, நன்றியோடு மறுத்தார். கொடுத்தவர் மனம் நோகாமற் பரிசை மறுப்பது எப்படி என்பதற்கு அக்கடிதம் ஒரு பாடம். 1884-இல் பார்னம் என்னும் காட்சிக்கூடத்தார் பர்மாவிலிருந்து ஒரு வெள்ளானையை வருவித்தார். பால்போல் வெளுத்திருக்கும் என்று எதிர்பார்த்து வந்த மக்கள், சாம்பல் உடம்பில் ஆங்காங்கே இளஞ்சிவப்புத் திட்டுகளைக் கண்டு ஏமாந்தனர். அவருடைய போட்டியாளர் ஒருவரோ சாதாரண யானைக்கு வெள்ளை பூசியே காட்சிக்கு நிறுத்திவிட்டார்!

இத்தகைய வேடிக்கைகளால் அமெரிக்க மக்கள் நாவில் அச்சொல் நன்கு பழகியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே இல்லத்தரசிகள், வீட்டில் இடத்தை அடைத்துக் கிடக்கும் பொருள்களைப் பொதிந்து கொணர்ந்து மாற்றிக்கொள்ளும் விருந்துகளை நடத்தலாயினர். அகஸ்டஸின் சீட்டும் சயாமின் யானையும் அங்கே ஒன்றாயின.

சுற்றிவரும் பொருள்கள்

பொருளுக்கு உரியவர் எவருமில்லை, அது சுற்றிக்கொண்டே இருப்பதுதான் சிறப்பு என்னும் எண்ணம் தென்கடல் தீவுகளிலும் காணப்படுகிறது. நியூகினிக்குக் கிழக்கேயுள்ள திரோபிரியாண்டுத் தீவினரிடையே தங்கி ஆராய்ந்த மாலினோஸ்கி, 1922-இல் வெளியிட்ட நூலில் 'குலா' என்னும் வழக்கத்தை விளக்கினார். செந்நிறச் சிப்பி மாலைகள் தீவுக்குத் தீவு வலமாகச் சுற்றி வரும். வெண்சங்கு வளைகள் இடமாகச் சுற்றி வரும். எவரும் எதனையும் நெடுநாள் வைத்துக்கொள்ளலாகாது, வைத்திருப்பவன் பழிக்கப்படுவான். அவற்றால் விளையும் பயன் ஒன்றே: கடல் கடந்த நட்பு.

இதைக் கேட்டு நம் வீட்டுப் பெண்மணிகள் வியக்கமாட்டார்கள். நவராத்திரித் தாம்பூலத்தோடு கொடுக்கும் ரவிக்கைத் துணி செய்யும் பயணத்தை அவர்கள் அறியாதவர்களா? நான்கு வீடு சுற்றி, அடுத்த ஆண்டு கொடுத்தவர் வீட்டுக்கே அது திரும்பி வருவதுண்டு. இவ்வடபுலத்தில் தீபாவளிக்கு வழங்கும் சோன்பப்டிப் பெட்டியும் அவ்வாறே உறை பிரிக்கப்படாமல் வலம் வருவதைச் சொல்லி அனைவரும் சிரிக்கிறோம். சிரித்தாலும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தத் துணி திரும்பி வரும் வழியில் நான்கு வீட்டுக் கதவுகள் திறந்தன. நான்கு பெண்மணிகள் ஒருவர் நெற்றிக்கு ஒருவர் குங்குமம் இட்டனர். துணி தைக்கப்படவில்லை, உறவு தைக்கப்பட்டது.

இல்லத்தில் நடத்தும் முறை

இவ்விருந்தை நம் இல்லங்களில் நடத்த விரும்புவோர்க்குச் சில குறிப்புகள் தருகிறேன். விருந்தினர் எண்ணிக்கை எட்டுக்குக் குறையாமலும் இருபதுக்கு மிகாமலும் இருத்தல் நன்று. ஒவ்வொருவரும் ஒரு பொருளைக் காகிதத்திற் பொதிந்து கொணர வேண்டும். அதன்மேல் பெயர் எழுதலாகாது. இதுவே உயிரான விதி. வீட்டிற் பயன்படாதிருக்கும் பொருளாயினும் சரி, கடையில் வாங்கியதாயினும் சரி. வாங்குவதாயின், வருவோரில் மிகச் சிறிய சம்பளம் பெறுபவரும் தயங்காமற் கொடுக்கக்கூடிய தொகையை உச்ச வரம்பாக வைத்து முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். பொதிகளை ஒருவரும் பாராத நேரத்தில் ஒரு மூலையிற் குவித்தல் இன்னும் நல்லது.

பின்னர் எண் எழுதிய சீட்டுகளைக் குலுக்கி எடுப்பர். முதல் எண் பெற்றவர் ஒரு பொதியை எடுத்து எல்லாரும் காணப் பிரிப்பார். இரண்டாமவர் புதிய பொதி ஒன்றை எடுக்கலாம். அன்றி, முதல்வர் கையில் உள்ளதையே பறித்துக்கொள்ளலாம். பறிகொடுத்தவர் வேறொரு பொதியை எடுத்துக்கொள்வார். இவ்வாறே கடைசி எண் வரை செல்லும். ஒரு பொருள் மூன்று கை மாறிவிட்டால் அதன்பின் அதனைப் பறிக்கலாகாது என்று வரையறுப்பது வழக்கம். இல்லையேல் விடியும்வரை ஆட்டம் முடியாது. முதல் எண்ணுக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பில்லை. ஆதலின் இறுதியில் அவருக்கு மாற்றிக்கொள்ளும் உரிமை ஒருமுறை தரப்பெறும்.

கொணரத்தகாதவை சில உள. தெய்வப் படங்களைக் கேலிப் பொருளோடு கலக்கலாகாது. உயிருள்ளவற்றைக் கொணரலாகாது. ஒருவருடைய உடற்குறையையோ வறுமையையோ ஊரையோ இனத்தையோ எள்ளும் பொருள் கூடவே கூடாது. அகஸ்டஸின் இடுக்கியைக் கண்டு விருந்தினர் சிரித்திருக்கலாம். அது எவரையும் குத்தவில்லை. சிறுவர்களுக்குத் தனியாக ஒரு குவியல் வைத்தல் நன்று. கையிற் கிடைத்ததைப் பறிகொடுக்கும் பக்குவம் அவர்களுக்கு மெல்லத்தான் வரும். பெரியவர் சிலருக்கும் அப்படித்தான்!

அரசுப் பணியில் உள்ளோர் அஞ்ச வேண்டியதில்லை. மத்திய அரசு ஊழியர்க்கான 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 13-ஆம் விதி பரிசுகளைப் பற்றியது. பதவித் தொகுதிக்கு ஏற்ப மதிப்பு வரம்பு வகுத்து, அதற்கு மேற்பட்டவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்று அது கூறும். தற்செயலாக உண்ணும் உணவு, வண்டியில் ஏற்றிச் செல்லுதல், இயல்பான விருந்தோம்பல் ஆகியன பரிசாகா என்றும் அது விளக்கம் தருகிறது. 1773-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கும்பினி அதிகாரிகள் பரிசு பெறுவதைத் தடுக்க முயன்ற காலந்தொட்டு இந்நாட்டு அரசாங்கம் பரிசைக் கண்டு ஐயுற்றே வந்திருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. கொடுத்தவர் யார் என்று தெரியும் பரிசில் எதிர்பார்ப்பு ஒளிந்திருக்கலாம். கொடுத்தவர் யாரென்றே தெரியாத பல்குத்தியில் என்ன எதிர்பார்ப்பு இருக்க முடியும்?

முடிவுரை

இவ்விளையாட்டின் நுட்பம் இதிலேதான் அடங்கியிருக்கிறது. பெயர் எழுதாத பொதியில் கொடுத்தவர் மறைகிறார். சீட்டு விழுந்தபடி கிடைப்பதனால் பெற்றவர்க்கும் கடன் இல்லை. மாஸ் சொன்ன மூன்று கடமைகளில் மூன்றாவது, அந்த ஒரு மாலைக்கு வாயிலுக்கு வெளியே நிற்கிறது. உயர்ந்த அதிகாரி ஓட்டை வடிகட்டியைப் பெற்றுத் தலைகுனிகிறார். புதிதாக வேலையில் சேர்ந்த இளைஞன் கடிகாரத்தைப் பெற்றுத் துள்ளுகிறான். அடுத்த நொடியில் மூன்றாம் வீட்டுப் பாட்டியிடம் அதனைப் பறிகொடுக்கிறான். அறையில் எழும் சிரிப்புக்குப் பதவித் தரம் கிடையாது.

மொய்யும் சீரும் நம் வாழ்விலிருந்து போய்விட வேண்டும் என்பதன்று என் கருத்து. அவை உறவின் கடமைகள். ஊரை விட்டுத் தொலைவில், உற்றார் அருகில் இல்லாத இடத்தில் நமக்கு அண்டை வீட்டாரே உற்றார். பல சம்பளக்காரரும் ஒரே சுவரைப் பகிர்ந்து வாழும் குடியிருப்பில், திருப்பித் தர முடியாத பரிசு ஒரு கதவை மூடிவிடும். பெருஞ்செலவில் வரும் கொடையைவிட, உறைமோர் கேட்க ஒருவர் கூசாமல் வருவதே பெரிது.

சென்ற டிசம்பரில் எங்கள் வீட்டில் முதன்முறையாக இவ்விருந்தை நடத்தினோம். என் மனைவி பரண்மேலிருந்த எவர்சில்வர் அடுக்கை இறக்கித் துலக்கி, பழைய செய்தித்தாளிலேயே பொதிந்து குவியலில் வைத்தார். மூன்று கை மாறி அது ஒரு வீட்டைச் சேர்ந்தது. யார் கொணர்ந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. எந்த வீடு என்று இங்கே யானும் எழுதப் போவதில்லை. பொங்கலன்று அவ்வழியே சென்றபோது, அவர்கள் வீட்டு அடுப்பில் அந்த அடுக்கிலிருந்த பெரிய பாத்திரத்தில் பால் பொங்கிக்கொண்டிருந்ததைக் கண்டேன். அதனை வாங்கித் தந்த அம்மையார் இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ அறியோம். அவரிடம் சொல்ல வேண்டியது ஒன்று எங்கள் பக்கம் இன்னும் பாக்கி இருக்கிறது.